சைலன்சரை வெட்ட முதல்

காரின் சைலன்சரை வீட்டு முற்றத்திலேயே கழற்றி, வெட்டி, ஒட்டி, சத்தத்தை மாற்றுகிற வேலை எங்கட வயதுக்காரரிடம் ஒரு தனி விளையாட்டாகவே வளர்ந்திட்டுது. ஒரு கிரைண்டர், ஆரிட்டயோ இரவல் வாங்கின வெல்டிங் மெசின், பத்து நிமிட யூரியூப் வீடியோ. ஞாயிறு மத்தியானத்துக்குள்ள வேலை முடிஞ்சிடும். பின்னேரம் ஊரைச் சுற்றி ஒரு ஓட்டம். அண்டைக்கு இரவே ஊர் ரெண்டாப் பிரிஞ்சு நிற்கும். "சவுண்ட் சொல்லி வேலையில்லை மச்சான்" எண்டு ஒரு பக்கம். "காவாலியள், நிம்மதியா ஒரு கண் நித்திரை கொள்ளவும் விடுறாங்கள் இல்லை" எண்டு மற்றப் பக்கம்.

நாங்கள் இந்த ரெண்டு பக்கத்திலயும் முழுசா நிற்கேல்லை. காரில் கை வைக்கிறது எங்களுக்கும் பிடிக்கும். நல்ல எஞ்சின் ஒலி ஒண்டு கடந்து போனால் திரும்பிப் பார்க்கிற ஆக்கள்தான் நாங்களும். ஆனால் ரிம்மை மாற்றினால், சீற் கவரை மாற்றினால், பெயின்ற் அடிச்சால், அதின்ர பலன் உங்கட காரோட நிற்கும். பிடிக்காதவர் பார்க்காமல் போகலாம். சைலன்சரை மாற்றினால் உங்கட ரசனையைத் தெருவில இருக்கிற எல்லாரும் கேட்டே ஆகவேணும். காதுக்கு இமை இல்லை. ஆகவே இந்த ஒரு வேலைக்கு மற்ற எல்லா வேலையையும் விடக் கூடின அறிவும் கூடின பொறுப்பும் வேணும். இப்ப எங்கட முற்றங்களில நடக்கிறதில ரெண்டுமே குறைவாக் கிடக்கு எண்டதுதான் எங்கட கவலை.

கழற்றிப் பூட்டுறது எங்களுக்குப் புதுசில்லை

முதலில ஒரு நியாயத்தைச் சொல்லவேணும். "கம்பனி பூட்டி விட்டதில ஏன் கை வைக்கிறாய்?" எண்டு கேட்கிற பெரியாக்களுக்கு இது. 1990களில் பொருளாதாரத் தடைக்குள்ள யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராமல் இருந்த காலத்தில, இதே பெரியாக்கள்தான் மோட்டார் சைக்கிளையும் காரையும் மண்ணெண்ணெயில ஓட்டினவை. காபரேற்றருக்குள்ள துளிப் பெற்றோலை விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெயில ஓடவிடுவினம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டவை. அந்தக் கைவேலைக்கு ஆரும் சேர்ட்டிபிக்கட் குடுக்கேல்லை. தேவை இருந்தது, மூளை இருந்தது, செய்தார்கள்.

இண்டைக்கு இருக்கிற பெடியனுக்கும் ஒரு தேவை இருக்கு. 2020 மார்ச்சில வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்கள் திரும்ப வரத் தொடங்கினது 2025 பெப்ரவரியில. இடையில கிட்டத்தட்ட ஐந்து வருசம், நாட்டுக்குள்ள இருந்த பழைய காருகள்தான் கைமாறிக் கைமாறி ஓடினது. இருபது வருசம் பழசான ஒரு கொரோலா 121ஐ, தன்ர உழைப்பில பாதியும் வெளிநாட்டில இருக்கிற அண்ணை அனுப்பின காசில பாதியுமாப் போட்டு ஒருவன் வாங்குறான். அது அவனுக்கு முதல் நாலஞ்சு பேர் ஓடின கார். அதைத் தன்ர காராக்க அவன் ஏதாவது செய்யவேணும் எண்டு நினைக்கிறதில பிழை ஒண்டும் இல்லை. அதோட உப்புக்காத்து அடிக்கிற எங்கட ஊர்களில பழைய சைலன்சர் எப்பிடியும் உக்கித்தான் கிடக்கும். எப்பவோ ஒருநாள் அதைக் கழற்றத்தான் வேணும்.

ஆக, கழற்றுறது தப்பில்லை. கழற்றின பிறகு என்ன செய்யிறம் எண்டதிலதான் கதை இருக்கு.

அந்த டப்பாவுக்குள்ள என்ன கிடக்கு?

கனபேர் சைலன்சரை ஒரு மூடி மாதிரி நினைக்கினம். உள்ளுக்குள்ள நல்ல ஒலி ஒண்டு அடைபட்டுக் கிடக்குதாம். மூடியைத் திறந்தால் அது வெளிய வருமாம். உண்மை அப்பிடியில்லை.

121இல இருக்கிறது ஒன்றரை லீற்றர், நாலு சிலிண்டர், நாலடிப்பு எஞ்சின். மாற்றிதண்டு ஒருக்காச் சுத்தினால் ரெண்டு சிலிண்டர் வெடிக்கும். நிமிசத்துக்கு 3000 சுற்றில எஞ்சின் ஓடுது எண்டால் 6000 வெடிப்பு, அதாவது செக்கனுக்கு 100. அதுதான் அந்த நேரத்தில உங்கட காரின்ர அடிச்சுருதி: 100 ஹேர்ட்ஸ். சும்மா நிண்டு இரையேக்க, 750 சுற்றில, அது 25 ஹேர்ட்ஸ். 6000 சுற்றுக்கு மிதிச்சால் 200. இந்த அடிச்சுருதிக்கு மேல ஏகப்பட்ட மேற்றொனிகள் அடுக்கடுக்காக் கிடக்கும். கீழ இருக்கிறது நெஞ்சில அதிரும். நடுவில இருக்கிறதுதான் "குரல்". மேல இருக்கிறது தகரத்தைக் கிழிக்கிற மாதிரிக் காதைக் குத்தும்.

சைலன்சர் இந்த மூண்டையும் வேற வேற விதமாக் கையாளுது. சில அறைகளில ஒலி அலை சுவரில பட்டுத் திரும்பி வந்து, பின்னால வாற அலையோட மோதி ரெண்டும் அழிஞ்சு போகும். சில சைலன்சரில துளை போட்ட குழாயைச் சுற்றிக் கிளாஸ் வூல் அடைச்சிருக்கும். காதைக் குத்துற மேல் ஒலியை அது உறிஞ்சும். நடுவில இருக்கிற சின்ன உருளை, றெசனேற்றர், குறிப்பிட்ட ஒரு சுருதியைப் பார்த்து அமத்திறதுக்கெண்டே வைச்சது. அமெரிக்காவில மில்ட்டன் ரீவ்ஸ், மார்ஷல் ரீவ்ஸ் எண்ட ரெண்டு சகோதரர்கள் இப்பிடி ஒரு கருவிக்குக் காப்புரிமை எடுத்தது 1897இல. நூறு வருசத்துக்கு மேலான மூளை அந்தத் துருப்பிடிச்ச டப்பாவுக்குள்ள கிடக்கு.

இப்ப அதை முழுசா வெட்டி எறிஞ்சால் என்ன நடக்கும்? குரல் மட்டும் வெளிய வராது. அதிர்வும் வரும், கிழிசலும் வரும், எல்லாம் ஒண்டாக் கலந்து வரும். தவிலின்ர வாரை அறுத்து விட்டால் நாதம் கூடும் எண்டு ஆரும் சொல்லமாட்டினம். இழுத்துக் கட்டி, தட்டிப் பார்த்து, திரும்ப இழுத்துத்தான் சுருதி சேர்க்கிறது. எஞ்சின் ஒலியும் அப்பிடித்தான். எதை விடுறது, எதை அமத்திறது எண்டு தெரிஞ்செடுக்கிறதிலதான் வடிவு வருது.

இன்னும் ரெண்டு கதையை இதோட முடிச்சுவிடுவம். ஒண்டு, 121ஐ மஸ்டாங் மாதிரி உறும வைக்கலாம் எண்டது. ஏலாது. அந்த வி8 எஞ்சினில எட்டுச் சிலிண்டரும் ஒவ்வொரு பக்கக் குழாயிலயும் ஒரே இடைவெளி இல்லாமல் வெடிக்கிறதாலதான் அந்த உறுமல் வருது. பழைய சுபாருவின்ர அந்தத் தனிக் குரலும் நீளம் ஒவ்வாத குழாய்களால வந்ததுதான். எங்கட நாலு சிலிண்டர் ஒரே தாளத்தில வெடிக்குது. அதுக்கு அதின்ர குரல்தான் வரும், இன்னொருவற்ற குரல் வராது. மற்றது, "சைலன்சரை எடுத்தால் கார் பறக்கும்" எண்டது. சின்ன எஞ்சினில சைலன்சரை மட்டும் மாத்திறதால கிடைக்கிற சக்தி அற்பம். ரெண்டரை இஞ்சிக் குழாய் பூட்டினால், வாயு போற வேகம் குறைஞ்சு, கீழ்ச் சுற்றில இழுவை குறையவும் கூடும். சத்தம் கூடினதால வேகம் கூடின மாதிரி ஒரு எண்ணம் வரும், அவ்வளவுதான்.

முற்றத்தில நடக்கிற நாலு வேலை

எங்கட ஊர்களில வழமையாச் செய்யிறது நாலு வேலை. ஒவ்வொண்டாப் பார்ப்பம்.

முதலாவது, ட்ரில்லை எடுத்து சைலன்சரில ஓட்டை போடுறது. இருக்கிறதுக்குள்ள மலிவும் இதுதான், மோசமும் இதுதான். ஒலி மாறாது, ஒழுகும். அதோட புகை பின்னால போகாமல் காருக்குக் கீழ கசியும். அதில காபனோரொட்சைட்டு இருக்கு, நிறமில்லை, மணமில்லை. ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு நிப்பாட்டின காருக்குள்ள நித்திரை கொள்ளுற பழக்கம் எங்களில கனபேருக்கு இருக்கு. அடித்தட்டில துருப்பிடிச்ச ஒரு சின்ன ஓட்டை காணும், அந்த வாயு உள்ளுக்கு வர. கம்பனியே சைலன்சரின்ர அடியில ஒரு சின்னத் துளை விட்டிருக்கும், உண்மைதான். அது உள்ளுக்குத் தேங்கிற தண்ணி வடியிறதுக்கு. அதைக் காட்டி இதை நியாயப்படுத்தேலாது.

இரண்டாவது, எல்லாத்தையும் வெட்டி எறிஞ்சு நேர்க்குழாய் பூட்டுறது. முதல் நாள் உசாராத்தான் இருக்கும். யாழ்ப்பாணத்தில இருந்து கொழும்புக்கு ஒருக்கா ஓடிப் பாருங்கோ. ஒரே சுற்றில மணிக்கணக்கா ஓடேக்க, காருக்குள்ள ஒரு இரைச்சல் மண்டைக்குள்ள ஏறும். பின் சீற்றில இருக்கிற அம்மா புளியங்குளம் தாண்ட முதலே "இதென்னடா தம்பி, லொறியோ?" எண்டு கேட்பா.

மூன்றாவது, கட்டலிட்டிக் கொன்வேர்ட்டரை உடைச்சு உள்ளுக்கிருக்கிறதைக் கொட்டிறது. இதைப் பற்றிப் பேச ஒண்டுமில்லை, செய்யாதீங்கோ. அதுக்குள்ள பிளாட்டினம், பலேடியம், ரோடியம் இருக்கிறதாலதான் சிலபேர் "சும்மா கழற்றித் தாறன்" எண்டு வருவினம். இலாபம் அவைக்கு. உங்களுக்கு மிஞ்சிறது மணக்கிற புகை, எரியிற எஞ்சின் லைட், வருசா வருசம் புகைப் பரிசோதனையில தலையிடி.

நாலாவது, எங்கட பார்வையில மரியாதைக்குரிய ஒரே வேலை. நடுவில இருக்கிற றெசனேற்றரைத் தொடாமல் விட்டு, பின் சைலன்சரை மட்டும் எடுத்து, அதின்ர இடத்தில துளைக்குழாயும் கிளாஸ் வூலும் அடைச்ச உறிஞ்சு வகைச் சைலன்சர் ஒண்டைச் செய்து பூட்டுறது. மேல் ஒலி உறிஞ்சப்படும், நடு ஒலி கொஞ்சம் வெளிய வரும். குழாய் பழைய அளவோ, ஒரு நூல் கூடவோ போதும். குழாயைச் சுற்றி முதல் ஒரு படை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வூலைச் சுத்தினால் கிளாஸ் வூல் கெதியாப் பறந்து போகாது. காருக்குள்ள இரைஞ்சால் அதுக்கும் கணக்கு இருக்கு: கிட்டத்தட்ட 300 பாகை செல்சியஸ் சூட்டில புகைக்குள்ள ஒலி செக்கனுக்கு 480 மீற்றர் அளவில ஓடும். 100 ஹேர்ட்ஸ் அலையின்ர கால்வாசி நீளம் 1.2 மீற்றர். அந்த நீளத்தில, முனை அடைச்ச ஒரு கிளைக்குழாயை ஒட்டினால் அந்த இரைச்சல் அமந்து போகும். ஏ.எல். பௌதிகவியலில படிச்ச அடைத்த குழாய்தான். பரீட்சைக்கு மட்டும் எண்டு நினைச்சிருந்தம், இல்லையா?

வேலை செய்யேக்க கவனிக்கிறதையும் சொல்லிவிடுறம். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழ படுக்காதீங்கோ, ஸ்டாண்ட் வையுங்கோ. சைலன்சருக்குக் கிட்டவே பெற்றோல் ராங்க் இருக்கு. வெல்டிங்கை காரில வைச்சுச் செய்யாமல், கழற்றி வெளிய எடுத்து ஒட்டுங்கோ. காரிலதான் ஒட்டவேணும் எண்டால் அதைக் கராஜ்காரரிட்ட விடுங்கோ, பற்றரி வயரைக் கழற்றச் சொல்லுங்கோ. நாகம் பூசின தண்ணிக் குழாயை வெட்டி ஒட்டாதீங்கோ, அந்தப் புகை காய்ச்சலில கிடத்தும். கிளாஸ் வூலைத் தொடேக்க கையுறையும் மாஸ்க்கும் வேணும். முக்கியமா, கழற்றின பழைய சைலன்சரை இரும்புக்கு விக்காமல் வைச்சிருங்கோ. மனம் மாறும்.

தெருவின்ர காது

இப்ப நல்லாச் செய்தாச்சு எண்டு வைப்பம். எவ்வளவு சத்தம் வரலாம்?

கலிபோர்னியாவில காருக்கு 95 டெசிபல் எல்லை வைச்சிருக்கினம். குழாய் வாயிலில இருந்து அரை மீற்றர் தள்ளி, 45 பாகைக் கோணத்தில மீற்றரை வைச்சு அளக்கிறது. கேட்க நியாயமாத்தான் இருக்கு. வெளியில தூரம் இரட்டிக்க இரட்டிக்க ஒலி 6 டெசிபல் அளவில குறையும். அரை மீற்றரில 95 எண்டால் 16 மீற்றரில கிட்டத்தட்ட 65. எங்கட ஒழுங்கைகளில ரெண்டு பக்கமும் மதில். அதில பட்டுத் திரும்புற சத்தத்தையும் சேர்த்தால் இன்னும் கூடும். எங்கட வீடுகளில வெக்கைக்கு யன்னல் திறந்துதான் கிடக்கும். இலங்கையில 1996ஆம் ஆண்டுச் சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் ஒரு அமைதியான குடிமனைப் பகுதிக்கு இரவில வைச்சிருக்கிற அளவு 45. அது தொழிற்சாலை, கட்டட வேலை மாதிரியானதுகளுக்கு எழுதின அளவுதான். ஆனாலும் ஒரு மனிசர் நித்திரை கொள்ள எவ்வளவு அமைதி வேணும் எண்டதை அது சொல்லுது. பத்து டெசிபல் கூடினால் காதுக்கு ரெண்டு மடங்காக் கேட்கும். 45க்கும் 65க்கும் இடையில நாலு மடங்கு. இது கலிபோர்னியாவில குற்றமே இல்லாத காருக்கு. நேர்க்குழாய்க்காரரின்ர கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கோ.

அதே ஒழுங்குவிதிகள் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நீதிமன்றம், பொது நூலகத்தைச் சுற்றி 100 மீற்றரை அமைதி வலயம் எண்டு சொல்லுது. யாழ்ப்பாணத்தில ஆஸ்பத்திரி வீதியாலதான் ஊரே போய்வருது. அந்த மதிலுக்கு அங்கால வாட்டுகள் இருக்கு எண்டதை அக்ஸிலேற்றரில கால் வைக்கேக்க நினைக்கிறம் இல்லை.

2007இல உயர் நீதிமன்றம் ஒலிபெருக்கி வழக்கு ஒண்டில தீர்ப்புச் சொன்னது. இரவு பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும் இடையில ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை எண்டதோட, விரும்பாத ஒருவரைக் கட்டாயமாக் கேட்க வைக்கிற உரிமை ஒருவருக்கும் இல்லை எண்ட அடிப்படையையும் அந்தத் தீர்ப்பு நிறுவினது. அது காருக்குச் சொன்னதில்லை. ஆனால் அந்த நியாயம் குழாய் வாய்க்கும் பொருந்தும் எண்டுதான் நாங்கள் நினைக்கிறம்.

இன்னும் ரெண்டு விசயம், எங்கட இடத்துக்கே உரியது.

பின்னேரங்களில ரியூசன் வாசலில நிண்டு எஞ்சினை முறுக்கிறது. இதை "கெத்து" எண்டு சொல்லினம். வெளிய வாற பெட்டையளிட்ட கேட்டுப் பாருங்கோ, அவை அதை என்னெண்டு சொல்லினம் எண்டு. சைக்கிளில போற ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில வந்து முறுக்கிறது வம்பு. சத்தத்தால தொடுறதும் தொடுறதுதான்.

மற்றது, "பாப்ஸ் அன்ட் பாங்ஸ்" எண்டு இப்ப ஒரு ஆசை. காலை எடுக்கேக்க எரியாத பெற்றோல் குழாய்க்குள்ள போய் வெடிக்கிற மாதிரிச் செய்யிறது. கட்டலிட்டிக்கையும் குழாயையும் அது கெடுக்கும், அது ஒரு பக்கம். கிளிநொச்சியில, முல்லைத்தீவில, படுவான்கரையில இரவு ஒன்பது மணிக்கு அந்த "டப்" சத்தம் கேட்டால் ஒரு தலைமுறை இண்டைக்கும் திடுக்கிட்டு எழும்பும். கெலி, கிபிர், ஷெல் எண்டு சத்தத்தை வைச்சே உயிரைக் காப்பாற்றின காதுகள் அவை. 2009க்குப் பிறகு பிறந்த ஆக்களுக்கு அது வெறும் சத்தம். பக்கத்து வீட்டு அம்மம்மாவுக்கு அப்பிடியில்லை. அவ பங்கருக்குள்ள இருந்து எண்ணின சத்தம் அது.

பொலிசுக்கும் ஒரு கேள்வி

பெடியளுக்கு மட்டும் புத்தி சொல்லிப்போட்டுப் போக எங்களுக்கு விருப்பமில்லை. 2025 ஜனவரியில "கிளீன் ஸ்ரீலங்கா" எண்டு பஸ்ஸிலயும் ஓட்டோவிலயும் பூட்டின மேலதிகப் பொருட்களைப் பொலிஸ் கழற்ற வைச்சது ஞாபகம் இருக்கும். எது ஆபத்தானது, எது வெறும் சோடனை எண்ட கேள்வி அப்ப எல்லாரிட்டயும் இருந்தது. சைலன்சரிலயும் அதே கேள்விதான். ரோட்டில மறிச்சு, ஒரு அதிகாரி தன்ர காதால கேட்டு "இது கூட" எண்டு சொன்னால், அது சட்டமா, அவற்ற அண்டைய மனநிலையா? ஒரே கார் ஒரு சந்தியில தப்புது, மற்றச் சந்தியில பிடிபடுது.

அளக்கலாம். அரை மீற்றர், 45 பாகை, ஒரு மீற்றர், எல்லாரும் அறிஞ்ச ஒரு எண். வருசா வருசம் புகைப் பரிசோதனைக்கு வாகனத்தைக் கொண்டு போய்த்தானே ஆகவேணும். அதே இடத்தில, அதே பத்து நிமிசத்தில சத்தத்தையும் அளந்து ஒரு துண்டு குடுத்தால், ஒழுங்காச் செய்தவனுக்குப் பாதுகாப்பு, செய்யாதவனுக்குப் பதில். அந்த அளவு பஸ்ஸின்ர காற்று ஹோனுக்கும், சைரன் போட்டுப் போற பெரியாக்களின்ர வாகனத் தொடருக்கும் சேர்த்து வரட்டும். பழைய 121 வைச்சிருக்கிற பெடியனில மட்டும் பாயிற சட்டத்துக்கு மரியாதை வராது.

அந்த எண் வரும்வரைக்கும் நாங்கள் சும்மா இருக்கத் தேவையில்லை. போனில ஒரு டெசிபல் அப்பைப் போடுங்கோ. துல்லியமா இராது, ஆனால் வேலைக்கு முதலும் பிறகும் ஒப்பிட்டுப் பார்க்கக் காணும். பிறகு, காரை உங்கட ஒழுங்கையின்ர முனையில ஒரு கூட்டாளியிட்டக் குடுத்து ஓடச் சொல்லிப்போட்டு, நீங்கள் உங்கட கட்டிலில போய்ப் படுங்கோ. விடிய அஞ்சு மணிக்கு. காருக்குள்ள இருந்து கேட்ட சவுண்டும் கட்டிலில கிடந்து கேட்கிற சவுண்டும் ஒண்டோ எண்டு பாருங்கோ. கட்டிலில கிடந்து கேட்கவும் வடிவா இருந்தால், நீங்கள் சொன்னது சரி, அது நல்ல வேலை. எங்களுக்கும் ஒருக்காக் கொண்டுவந்து காட்டுங்கோ.